தப்பு மேளம் காய்ச்சி கரோல் போவோம்

மேடையில இருக்கிற அதிபர் சேர் அவர்களுக்கும், ஃபாதருக்கும், நம்ம மாரியம்மன் கோயில் தலைவர் ஐயாவுக்கும், டீச்சர்மாருக்கும், பின்னால இடமில்லாம கம்பளிய சுத்திக்கிட்டு நிக்கிற அம்மாமார் அப்பாமாருக்கும், முன் வரிசையில நத்தார் தாத்தா எப்ப வருவாருன்னு என்னைய மொறைச்சுக்கிட்டு இருக்கிற புள்ளைகளுக்கும் வணக்கம். நோட்டீஸ்ல விசேட பேச்சாளர்னு போட்டிருக்காங்க, விசேடம்னு ஒண்ணும் இல்லைங்க, நான் ரிட்டையர் ஆன மியூசிக் வாத்தியாரு, டிசம்பர் வந்தா ஹார்மோனியத்த தூக்கிக்கிட்டு சர்ச்சுக்கும் போவேன் கோயிலுக்கும் போவேன், அவ்வளவுதான். இந்த மாசத்துப் பாட்டுகளப் பத்தி கொஞ்சம் பேசலாம்னு வந்தேன், நடுவுல பூ, குருவின்னு அங்க இங்க போவேன், கோவிச்சுக்காதீங்க.

இப்ப புள்ளைக ரெண்டு இங்கிலீஷ் பாட்டு பாடிச்சுங்க, நல்லா இருந்துச்சு, ரெண்டுலயும் பனி கொட்டுது. எறங்கி வரும்போது ஒரு தம்பி எங்கிட்ட கேட்டான், "சேர், நமக்கு இவ்ளோ குளிருதே, ஏன் ஸ்னோ மட்டும் விழ மாட்டேங்குது"ன்னு. நல்ல கேள்விப்பா. நுவரெலியா டவுன் 1868 மீட்டர் உசரம், இலங்கையிலேயே பெரிய மலை பீதுருதாலகால 2524 மீட்டர், ஆனா நாம இருக்கிறது பூமத்திய ரேகையில இருந்து வெறும் 7 பாகை வடக்க. இந்த வெயில் பட்டையில வருசம் பூரா பனி நிக்கணும்னா கிட்டத்தட்ட 5000 மீட்டராவது ஏறணும். ஆப்பிரிக்காவுல கிளிமஞ்சாரோ 5895 மீட்டர், அதனாலதான் பூமத்திய ரேகைக்குப் பக்கத்துலயே இருந்தும் அதோட உச்சியில ஐஸ் இருக்கு. நம்ம மலை அதுல பாதிகூட இல்ல.

நமக்கு வாய்ச்சது உறைபனிதான். மேகமும் இல்லாம காத்தும் இல்லாம இருக்கிற ராத்திரியில தரையில உள்ள சூடெல்லாம் மேல போயிரும், குளிர் காத்து பள்ளத்துல போயி தேங்கிக்கும், விடிஞ்சா புல்லெல்லாம் வெள்ளையா நிக்கும். டிசம்பர் கடைசியில சில வருசம் வரும், ஜனவரி பெப்ரவரியில கூட வரும். கொழும்புல இருந்து வேன் புடிச்சு வந்து அதுல நின்னு செல்ஃபி எடுக்கிறாங்க, எடுக்கட்டும், ஆனா பின்னால நிக்கிற அக்காமாருக்குத் தெரியும், அந்தப் பனி பட்ட கொழுந்து கருகிப் போகும், கொழுந்து கருகினா கிலோ கொறையும், கிலோ கொறைஞ்சா அரைப்பேருதான், பாதி நாள் சம்பளம்தான். அதனால தம்பி, பனி வேணும்னு பாட்டுல மட்டும் கேப்போம்.

பாட்டுல பனி கேட்டவங்க யாருன்னு பாத்தீங்கன்னா அதுல ஒரு வேடிக்கை இருக்கு. நம்ம டவுன்ல டெக்ஸ்டைல் கடை ஸ்பீக்கர்ல 'வைட் கிறிஸ்மஸ்' போடுறாங்கல்ல, அத எழுதினவரு இர்விங் பெர்லின், ரஷ்யாவுல பொறந்த யூதரு, கிறிஸ்தவரே இல்ல. 1942ல பிங் கிராஸ்பி பாடி ரெக்கோட் வந்துச்சு. அந்தப் பாட்டுக்கு முன்னுக்கு ஒரு தொடக்கம் இருக்கு, அத யாரும் பெரும்பாலும் பாடுறதில்ல, அதுல என்ன வருதுன்னா ஒருத்தன் கலிஃபோர்னியாவுல நல்ல வெயில்ல, தோடம்பழ மரத்துக்கும் பனை மரத்துக்கும் நடுவுல நின்னுக்கிட்டு வடக்க போகணும்னு ஏங்குறான். 'லெட் இட் ஸ்னோ'ன்னு இன்னொண்ணு, அதுவும் 1945 ஜூலையில ஹாலிவுட்ல வெயில் கொளுத்துறப்ப வேர்த்து விறுவிறுக்க எழுதினது. 'ஜிங்கிள் பெல்ஸ்' 1857ல வந்தது, வரி வரியா தேடிப் பாருங்க, கிறிஸ்மஸ்ங்கிற பேச்சே அதுல கிடையாது, குதிரை வண்டியில சுத்துற பசங்க பாட்டு அது. அப்புறம் நம்ம பஸ்காரங்க டிசம்பர் ஒண்ணாந்தேதியில இருந்து நிறுத்தாம போடுற போனி எம், 'மேரிஸ் பாய் சைல்ட்', 1978ல வந்தது, செட்டு போட்டது ஜெர்மனியில, ஆனா மேடையில நின்ன நாலு பேரும் ஜமேக்கா, மொன்செராட், அரூபான்னு கரீபியன் தீவுக்காரங்க, நம்மளப் போல தென்னை மரத்தடியில பொறந்தவங்க.

இத ஏன் சொல்றேன்னா, சில பேரு "நமக்கு என்னத்துக்கு இந்த வெள்ளக்காரன் பனிப்பாட்டு"ங்கிறாங்க, இன்னும் சில பேரு அதுதான் ஒரிஜினல் கிறிஸ்மஸ், நம்ம பாடுறதெல்லாம் சும்மா லோக்கல்ங்கிறாங்க, ரெண்டு பேச்சும் எனக்கு ஒத்து வரல. வெயில்ல உக்காந்துக்கிட்டு குளிருக்கு ஏங்கின பாட்ட குளிர்ல உக்காந்துக்கிட்டு நாம தாராளமா பாடலாம், யாருகிட்டயும் பெர்மிஷன் வாங்க வேணாம். ஆனா லோக்கல்னு சொல்றாங்களே, அது எப்படி வந்துச்சுன்னும் தெரிஞ்சுக்கணும்ல.

அதுக்கு முந்தி இந்த ஸ்கூல் கேட்டுக்கிட்ட நிக்கிற பொயின்செட்டியா செடி. மெக்சிகோவுல இருந்து உலகம் பூரா போனது. செவப்பா இருக்கிறது பூ இல்ல, இலை, நடுவுல மஞ்சளா பொடிசா இருக்கு பாருங்க, அதுதான் பூ. ராத்திரி நீளமானாத்தான் இந்த இலை செவக்கும். லண்டன்ல டிசம்பர் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்ல, அங்க ராத்திரி நீளம்னா யாருக்கும் தெரியும். நம்ம ஊர்ல ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வித்தியாசம் முக்கா மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான், நமக்கே தெரியாது, அந்தச் செடிக்குத் தெரியுது! போகும்போது பாருங்க, கேட்டு லைட்டு விடிய விடிய எரியுதுல்ல, லைட்டு பக்கம் இருக்கிற கிளை இன்னும் பச்சையாவே நிக்குது, மத்தப் பக்கம் தீயா செவந்திருக்கு. லைட்ட ராத்திரி அணைச்சிருந்தா அந்தப் பக்கமும் செவந்திருக்கும், அதிபர் சேர் அடுத்த வருசமாவது கவனிக்கணும், கரண்ட் பில்லும் கொறையும்.

குருவியும் அப்படித்தான், காலம் தெரிஞ்சு வரும். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்துப் பக்கமிருந்து வருது, காஷ்மீர்ல இருந்து ஒரு ஈப்பிடிப்பான் வருது, நுவரெலியா விக்டோரியா பார்க்ல அந்த ஓடையோரமா இதுகளப் பாக்கிறதுக்குன்னே வெளிநாட்டுக்காரங்க கேமராவோட காத்துக்கிட்டு இருப்பாங்க. நாம ஸ்வெட்டருக்கு மேல ஸ்வெட்டர் போடுற இடம் அதுகளுக்கு குளிர்காயுற இடம்.

சரி, விசயத்துக்கு வர்றேன். வெள்ளைக்காரங்க இங்க வந்தப்ப சர்ச் கட்டினாங்க, நுவரெலியா ஹோலி ட்ரினிட்டி 1852, டிக்கோயாவுல காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணிய பாத்த மாதிரி நிக்கிற வார்லி சர்ச் 1878, அதுல பழைய பைப் ஓர்கன் இருக்கு. ஓர்கன்ல ஒரு சங்கதி, காத்து குளிர்ந்தா குழாயோட சுருதி எறங்கும், ஹார்மோனியத்துல இருக்கிற ரீட் அந்தளவுக்கு எறங்காது, அதனால குளிர்காலத்துல ரெண்டையும் சேத்து வாசிக்கப் போனா கேக்கிறவங்க காதப் பொத்திக்குவாங்க. தோட்டத்து சனத்துக்கு ஓர்கன் எங்க கெடைச்சுச்சு? 1854ல தமிழ்க் கூலி மிஷன்னு தொடங்குனாங்க, பேரப் பாருங்க, பின்னாடிதான் மாத்தினாங்க, அதுல இருந்த உபதேசியாருங்க தோட்டம் தோட்டமா கால்நடையாப் போனாங்க, பாட்டும் அப்படித்தான் நடந்து வந்துச்சு. பாட்டுன்னா இங்கிலீஷ் பாட்டு இல்ல, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் மாதிரி ஆளுக நம்ம ராகத்துல செஞ்சு வச்ச கீர்த்தனைக. 1774ல திருநெல்வேலியில பொறந்தவரு, சரபோஜி ராஜாவோட ஒண்ணா ஒரே மிஷனரி வாத்தியாருகிட்ட படிச்சவரு, குறத்தி வந்து குறி சொல்ற கூத்து இருக்கே, அத எடுத்து பெத்லகேம் குறவஞ்சின்னு எழுதினாரு. குறத்தி கையில கூடையோட ஏசுவப் பத்திக் குறி சொன்னப்பவே அது லோக்கல் ஆயிருச்சு, இப்ப என்ன புதுசா.

ஹார்மோனியத்தையே எடுங்க. கோயில் பஜனைன்னா அதுதான், ஆனா அது 1840கள்ல பாரிஸ்ல டெபைன்ங்கிறவரு செஞ்ச பெட்டி, ஓர்கன் வாங்க முடியாத சர்ச்சுக்கு ஆனது, அப்ப காலால மிதிச்சு காத்து குடுக்கணும். இந்தியாவுல நம்மாளுக தரையில உக்காந்து வாசிக்கிறவங்க, கால் மடக்கி இருக்குல்ல, அதனால கல்கத்தாவுல கையால துருத்தி அடிக்கிற மாதிரி மாத்திட்டாங்க. அப்புறம் இந்தியா ரேடியோவுல 1940ல அதுக்குத் தடை, கமகம், அதான் சுரத்த வளைச்சு அசைக்கிறது, அதுல புடிக்காது, நம்ம சங்கீதத்துக்கு ஆகாதுன்னு, முப்பது வருசம் அந்தத் தடை இருந்துச்சு. சர்ச்சுல இருந்து வந்தது பஜனையில உக்காந்துக்கிச்சு, ரேடியோக்காரன் வெளிய தள்ளினாலும் பஜனைக்காரன் விடல.

நம்ம தோட்டத்துல இது எப்படி நடக்கும்னு பெரியவங்களுக்குத் தெரியும், சின்னவங்களுக்காக சொல்றேன். டிசம்பர் பாதியில மார்கழி பொறந்துரும். விடியக்காலம் பெரட்டுக்கு முந்தி, அதான் வேலைக்கு ஆள் கூப்பிடுறதுக்கு முந்தி, பஜனை கோஷ்டி லயம் லயமா, வரிசை வீடு வரிசை வீடா, திருவெம்பாவை பாடிக்கிட்டு வரும், அதே நாள்ல ராத்திரி கரோல் கோஷ்டி லயம் லயமா போகும், போதாததுக்கு டிசம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவோட சிவனொளிபாதமலை சீசன் தொடங்கி ஹட்டன் ரோட்டுல நல்லதண்ணிக்குப் போற வேன் வேற, நடுவுல ஐயப்பசாமிமாரு சரணம். சர்ச் ஹார்மோனியத்துல ரெண்டு கட்டை செத்துப் போச்சு, அதனால கரோலுக்கு கோயில் ஹார்மோனியத்ததான் இரவல் வாங்குவோம், ஒரே கண்டிஷன், விடியக்காலம் நாலு மணிக்குள்ள கொண்டு வந்து குடுக்கணும், பஜனைக்கு வேணும். நாங்க கரோல் முடிச்சு எறங்கி வருவோம், அவங்க குளிச்சிட்டு திருநீறு பூசி ஏறி வருவாங்க, பாலத்துக்கிட்ட வச்சு பெட்டி கை மாறும், யாரு வீட்டு இஸ்தோப்புலயோ இஞ்சி ப்ளேன்டீ, கரோல்ல குடுத்த கேக்குல மிச்சம் அவங்களுக்கு, அவங்க பொங்கல் எங்களுக்கு விடிஞ்ச பெறகு வரும். டோலக் அடிக்கிற தம்பி மட்டும் வீட்டுக்குப் போக மாட்டான், மூஞ்சி கழுவிட்டு அப்படியே பஜனையோட ஏறிருவான்.

இப்ப என்ன ஆச்சுன்னா ரெண்டு மூணு வருசமா கரோலுக்கு புளூடூத் ஸ்பீக்கர். யூடியூப்ல இருந்து கரோக்கே டிராக் எறக்கி, கிளிங் கிளிங்னு மணிச்சத்தத்தோட போட்டு விட்டுட்டு பின்னால சேந்து பாடுறது. டிராக் ஓடுற வேகத்துக்கு நம்ம சனம் ஓடணும், பாட்டி ஒருத்தி ரெண்டாவது அடிய இன்னொருக்கா பாடுங்கடான்னு கேட்டா முடியாது, டிராக் போயிருச்சு. ஹார்மோனியம்னா நிக்கும், பாட்டி சொன்னா திரும்பும்.

தப்பு மேளத்தோட கதை இன்னும் மோசம். ஒரு எடத்துல கமிட்டியிலயே சொன்னாங்க, தப்பு சாவுக்கு அடிக்கிறது, காமன் கூத்துக்கு அடிக்கிறது, பாலன் பொறந்ததுக்கு அத எப்படி கொண்டு வர்றதுன்னு. எனக்கு வந்துச்சு கோவம். ஏங்க, அந்தக் காலத்துல நம்ம பாட்டன் பாட்டிய பெரட்டுக்கு எழுப்பினதே தப்பு, வேலைக்கு ஆகும், சாமிக்கு ஆகும், சாவுக்கு ஆகும், பொறப்புக்கு ஆகாதா? தோலுல தீட்டு இல்ல, சொல்றவங்க மனசுல யாரு அடிக்கிறாங்கங்கிற கணக்குதான் இருக்கு, அத நேரா சொல்ல மாட்டாங்க. ஃபாதர் இங்க இருக்காரு, அவரு தலைய ஆட்டுறாரு, எனக்கு அது போதும்.

'சைலன்ட் நைட்' பாடினீங்கல்ல, அது 1818 டிசம்பர் 24ந் தேதி ஒஸ்திரியாவுல ஓபெர்ன்டோர்ஃப்ங்கிற சின்ன ஊர்ல மொதல்மொதல் பாடினது. வரி எழுதினவரு மோர்னு அந்த ஊர் குருவானவரு, மெட்டு போட்டவரு குரூபர், பக்கத்து ஊர் ஸ்கூல் வாத்தியாரு, நம்ம ஜாதி! ஓர்கன் பழுதாப் போச்சு, எலி கடிச்சிருச்சுன்னெல்லாம் கதை சொல்லுவாங்க, அது கதை, ஆனா கிட்டார வச்சுத்தான் பாடினாங்கங்கிறது நெசம். அவங்க கையில இருந்தது கிட்டார், அத எடுத்தாங்க, பாட்டு உலகத்த சுத்தி இங்க நம்ம ஸ்கூல் வரைக்கும் வந்துருச்சு.

தப்புல ஒரே கஷ்டம் குளிர்தான். இந்த ஈர மூட்டத்துல தோல் தொய்ஞ்சு போயி அடிச்சா தொப்புனு மண்ணுல அடிச்ச சத்தம்தான் வரும். தேயிலைய கவ்வாத்து வெட்டின மிலாறு, அதான் சுள்ளி, ஒரு கட்டு, மேல கொஞ்சம் பேப்பர், பத்த வச்சு ஒரு சாண் மேல தோலப் புடிச்சு சுத்திச் சுத்திக் காட்டணும், கிட்ட போனா வெடிச்சிரும். நடுநடுவுல வெரலால சுண்டிப் பாப்பாங்க, தொப்பு தொப்புன்னு இருந்தது கொஞ்சம் கொஞ்சமா ஏறி டண்ணுன்னு வரும், அப்ப எடுத்தரணும். ரெண்டு லயம் போறதுக்குள்ள மறுபடி எறங்கிரும், மறுபடி நெருப்பு. அதனாலதான் பழைய கரோல் விடிய விடிய நடந்துச்சு, பாதி நேரம் நெருப்பச் சுத்தி நின்னு கதைதான்.

அதிபர் சேர் கடிகாரத்தப் பாக்கிறாரு, நத்தார் தாத்தாவும் அந்தக் கதவுக்குப் பின்னால தாடிய சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறது இங்க இருந்தே தெரியுது. ஒரு அறிவித்தலோட முடிச்சுக்கிறேன். 23ந் தேதி ராத்திரி ஏழு மணிக்கு கீழ் டிவிஷன் புள்ளைக்காம்பராகிட்ட இருந்து கரோல் தொடங்குது, ஹார்மோனியம் கோயில் தலைவர் ஐயா தர்றேன்னுட்டாரு, தப்புக்கு மேல் டிவிஷன்ல இருந்து மூணு பேரு வர்றாங்க, தம்பிமாரு ஆளுக்கு ஒரு கட்டு மிலாறு கொண்டு வாங்க, காஞ்சதா பாத்து. ஸ்பீக்கர் வச்சிருக்கிற தம்பியும் வரலாம், லைட்டு இருக்குல்ல அதுல, பாதைக்கு வெளிச்சம் காட்டட்டும்.