பழைய போனுக்குப் புதிய அன்ட்ராய்ட்: ரொம் வேறு, ரூட் வேறு

[காட்சி: மேசையில் மூலை வெடித்த ஒரு ரெட்மி நோட் 4, யூஎஸ்பி வயர், பிளேன்டீ]

இந்தப் போன் உப்புவெளியில் இருக்கிற என் மாமாவுடையது. 2017இல் வாங்கியது. பற்றரி நிற்கிறது, சத்தமும் நன்றாகக் கேட்கிறது. ஆனால் சில இணையதளங்களைத் திறந்தால், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று மறித்துக்கொண்டு நிற்கிறது. "மருமகன், இதை எறிஞ்சிடவா?" என்று கேட்டார்.

எறியத் தேவையில்லை. போனில் பழுதில்லை, உள்ளே இருக்கிற மென்பொருள்தான் கிழவனாகிவிட்டது. இந்த மொடலுக்கு அன்ட்ராய்ட் 7.0ஓடு அப்டேட் நின்றுவிட்டது. ஏராளமான தளங்கள், தாம் உண்மையான தளம்தான் என்று காட்ட, லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு கொடுக்கும் இலவசச் சான்றிதழைப் பாவிக்கின்றன. அதை நம்புவதற்கு வேண்டிய மூலச் சான்றிதழ் அன்ட்ராய்ட் 7.1.1இலிருந்துதான் போனோடு வருகிறது. அதற்கு முந்திய போன்களுக்காகச் செய்து வைத்திருந்த இடைக்கால ஏற்பாடும் 2024 செப்டம்பரில் முடிந்தது. ஃபயர்பாக்ஸ் என்ற பிரவுசர் தன் சான்றிதழ்களைத் தானே கொண்டு திரியும். மாமாவுக்கு அது மட்டும் போதுமென்றால் இந்த வீடியோவை இங்கேயே நிறுத்தலாம். அவருக்குப் போதவில்லை.

[திரையில்: ரொம் / ரூட்]

திருகோணமலையில் என்னிடம் போனைக் கொண்டு வருகிற பெடியன்கள் முக்கால்வாசிப் பேர் "அண்ணா, ரூட் பண்ணித் தாங்க" என்றுதான் கேட்பார்கள். விசாரித்துப் பார்த்தால் அவர்களுக்குத் தேவை ரொம். ரொம் என்பது முழு இயங்குதளத்தையும் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடுவது. 2016 கடைசியில் சயனோஜென்மொட் என்ற பழைய ரொம் நின்றுபோனபோது அதிலிருந்து கிளைத்த லீனியேஜ் ஓஎஸ் இதில் பேர்போனது. ரூட் என்பது இருக்கிற இயங்குதளத்திலேயே எல்லா அலுமாரித் திறப்பையும் நீங்கள் வாங்கிக்கொள்வது. ஒன்றைச் செய்ய மற்றது கட்டாயமில்லை.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு பூட்டு இருக்கிறது: பூட்லோடர். போன் எழும்பும்போது முதலில் ஓடுவது அது. கொம்பனி கையெழுத்திடாத மென்பொருளை அது உள்ளே விடாது. ஷாவ்மி போன்களில் கணக்கை இணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், பல மொடல்களில் 168 மணித்தியாலம். அதாவது ஒரு கிழமை. பூட்டுத் திறபடும்போது போனில் உள்ள எல்லாமே அழிந்துவிடும். மாமாவின் பேரப்பிள்ளைப் படங்களை முதலே கொம்பியூட்டரில் ஏற்றிவிட்டேன்.

[காட்சி: இரண்டு பெட்டிகள், இரண்டிலும் ஒரே பெயர்]

இனி வருவதைக் கவனமாகக் கேளுங்கள். ரெட்மி நோட் 4 என்று ஒரு போன் இல்லை, இரண்டு இருக்கின்றன. ஒன்றில் இருக்கிற ப்ராசசர் ஸ்னாப்டிராகன் 625, அதன் உட்பெயர் மிடோ. மற்றதில் மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20, உட்பெயர் நிக்கல். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். மிடோவின் ரொம் நிக்கலுக்கு ஆகாது. பெட்டியையும் நம்பாதீர்கள், கடைக்காரர் சொல்வதையும் நம்பாதீர்கள். ஃபாஸ்ட்பூட்டில், அதாவது கொம்பியூட்டரிலிருந்து பூட்லோடரோடு பேசுகிற நிலையில் போட்டு, உட்பெயரை அந்தப் போனிடமே கேளுங்கள்.

அடுத்தது இஎஃப்எஸ். ஐஎம்இஐ என்கிற போனின் அடையாள இலக்கம், சிக்னல் சம்பந்தப்பட்ட விபரங்கள் கிடக்கிற சின்னப் பகுதி. டி.டபிள்யூ.ஆர்.பி என்பது ஒரு ரிக்கவரி, அதாவது இயங்குதளம் எழும்பாமலே ரொம் போடவும் பக்கப் எடுக்கவும் உதவுகிற சின்ன மென்பொருள். அதில் இந்தப் பகுதியை முதலில் பக்கப் எடுத்து, போனுக்கு வெளியே வையுங்கள். என் சொந்தப் போன் ஒன்றில் அவசரப்பட்டு இதைச் செய்யாமல் விட்டேன். ரொம் அழகாக ஏறியது, சிம் மட்டும் செத்துப்போனது. அந்தப் போன் இப்போது எங்கள் குசினியில் வானொலி.

சரி, ஏற்றுவோம். டேட்டாவை ஃபோர்மட் பண்ணி, ரொம் இருக்கிற ஸிப் கோப்பைப் போட்டு, முதல் தடவை எழும்ப விடாமல் அதே மூச்சில் கூகுள் ஆப்ஸ் பொதியையும் போட வேண்டும். பிறகு போட்டால் தகராறு வரும்.

நடுவில் கரண்ட் போனால்? 2022இல் மணிக்கணக்காக வெட்டியபோது எல்லோரும் கேட்ட கேள்வி இது. சிஸ்டம் பகுதி அரைகுறையாக நின்றால் பயமில்லை. ரிக்கவரி வேறு பகுதியில் இருப்பதால் திரும்பப் போடலாம். பூட்லோடரையே மாற்றும்போது நின்றால்தான் போன் எழும்பாத செங்கல். ஆகவே தேவையில்லாமல் அதைத் தொடாதீர்கள். போனிலும் லெப்டொப்பிலும் சார்ஜ் இருக்கட்டும்.

ரூட்? மேஜிஸ்க் என்ற ரூட் செயலியிடம் பூட் இமேஜை, அதாவது போன் எழும்பப் பாவிக்கிற கோப்பைக் கொடுத்தால் திருத்தித் தரும், அதை ஃபாஸ்ட்பூட்டில் ஏற்றினால் முடிந்தது. மாமாவுக்கு நான் செய்யவில்லை. பூட்டுத் திறந்த போனையே சில வங்கிச் செயலிகள் சந்தேகமாகப் பார்க்கும்; ரூட்டும் இருந்தால் கதவையே சாத்திவிடும். அவர் பார்ப்பது மின்சார பில்லும் வட்ஸ்அப்பும். அதற்கு எதற்கு அலுமாரித் திறப்பு?

[காட்சி: லீனியேஜ் வளையம் அசைகிறது]

முதல் தடவை எழும்பப் பத்து நிமிடம்கூட எடுக்கும். பொத்தானை அமத்தாதீர்கள், பிளேன்டீயைக் குடியுங்கள். எழும்பியதும் நான் முதலில் அடிப்பது *#06#, ஐஎம்இஐ பார்க்க. பெட்டியில் இருக்கிற அதே இலக்கம் வந்தால் சிம்மைப் போட்டு மாமாவுக்கு ஒரு கோல்.

[சத்தம்: மணி அடிக்கிறது]