பாட்டிகள் ஏறிய படி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பந்தலுக்குள்ளேயும் வெளியே டீக்கடை பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம். கொடுத்திருப்பது எட்டே நிமிடம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"பூமியைக் காக்கும் போராட்டத்தில் முன்னே நிற்பது இளைஞர்களின் வேகமா, மூத்த பெண்களின் விவேகமா?" இதுதான் தலைப்பு. நான் மூத்த பெண்கள் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி நன்றாகவே பேசினார். 2018-இல் சுவீடன் பார்லிமென்ட் வாசலில் கிரெட்டா துன்பெர்க் என்ற 15 வயதுப் பெண், பள்ளிக்கூடம் போகாமல் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்த கதையைச் சொன்னார். நல்ல கதை, உண்மைக் கதை. அந்தப் பெண்ணுக்கு நானும் கைதட்டினேன். ஆனால் முடிக்கும்போது ஒன்று சொன்னாரே! "மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற பாட்டிகளா பூமியைத் தூக்கி நிறுத்தப் போகிறார்கள்?" என்றார். பந்தலே அதிர்ந்தது. விசில் கூட வந்தது. இதோ, முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கிற நாலைந்து பாட்டிகளும் சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தங்களைக் கேலி செய்தாலும் சிரித்துவிட்டுப் போகப் பழகியவர்கள் அவர்கள். அவர்களுக்காக நான் பேசுகிறேன்.

சரி தம்பி, படியைப் பற்றியே பேசுவோம்.

சுவிட்சர்லாந்து. நம் சினிமாவில் பாட்டு எடுக்கப் போவார்களே, பனிமலை, பச்சைப் புல்வெளி, அந்த நாடுதான். அங்கே 2016-இல் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினராக வேண்டுமென்றால் 64 வயது ஆகியிருக்க வேண்டும். 2,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். சராசரி வயது 73. பருவநிலைக்காகப் போராடும் மூத்த பெண்கள் என்பதுதான் சங்கத்தின் பெயருக்கே பொருள்.

பனி விழுகிற நாட்டில் இருக்கிற பாட்டிகளுக்கு என்ன குறை என்று நினைப்பீர்கள். 2003 கோடையில் ஐரோப்பாவில் அடித்த அனலில் 70,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள் என்பது கணக்கு. பெரும்பாலோர் வயதானவர்கள். அதிலும் பெண்கள்தான் அதிகம். வயதான உடம்புக்கு வேர்வை சரியாகச் சுரக்காது, தாகம் சரியாகத் தெரியாது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தனி வீட்டில் இருக்கிறவள் மயங்கி விழுந்தால் பார்க்க ஆள் இருக்காது. அதனால்தான் அந்தப் பெண்கள் அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். "கரியமில வாயுவைக் குறைக்க நீங்கள் போட்டிருக்கிற திட்டம் போதாது. இந்த வெயில் எங்களைக் கொல்கிறது. இது எங்கள் உயிர் வாழும் உரிமை."

இப்போது படிகளை எண்ணிக்கொண்டே வாருங்கள்.

முதல் படி, அரசாங்கம். 2017-இல் பதில் வந்தது. நீங்கள் கேட்பது பொதுவான விஷயம், உங்கள் சொந்த உரிமை எதுவும் இதில் இல்லை, மனு தள்ளுபடி. பாட்டிகள் இறங்கவில்லை. இரண்டாவது படி, நிர்வாக நீதிமன்றம், 2018. வெயில் உங்களுக்கு மட்டுமா அடிக்கிறது, எல்லோருக்கும்தானே அடிக்கிறது என்கிற மாதிரி ஒரு காரணத்தைச் சொல்லி அதுவும் தள்ளுபடி. பாட்டிகள் அப்போதும் இறங்கவில்லை. மூன்றாவது படி, அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், 2020. அங்கே சொன்னதன் சாரத்தை மட்டும் கேளுங்கள். பூமியின் சூடு ஆபத்தான எல்லையைத் தாண்ட இன்னும் காலம் இருக்கிறது, அதனால் உங்கள் உரிமை இப்போது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

இன்னும் காலம் இருக்கிறதாம்!

நடுவர் அவர்களே, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். "இன்னும் காலம் இருக்கிறது" என்பதை யாரிடம் சொன்னார்கள்? எழுபது வயதுப் பெண்ணிடம். எண்பது வயதுப் பெண்ணிடம். மாத்திரை டப்பாவில் காலை, மதியம், இரவு என்று கட்டம் பிரித்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறவளிடம் போய், "அவசரப்படாதீங்கம்மா, இன்னும் காலம் இருக்கு" என்றார்கள். அம்மா, உங்களைத்தான் கேட்கிறேன், முன்வரிசையில் சுங்குடிச் சேலை கட்டியிருக்கிற அம்மா. உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள்? "உனக்கு இருக்குடா காலம், எனக்கு?" என்று கேட்பீர்களா, மாட்டீர்களா? கேட்பேன் என்று தலையாட்டுகிறார்கள், பாருங்கள்! அந்த ஊர்ப் பெண்களும் அதைத்தான் கேட்டார்கள்.

நான்காவது படி. பிரான்சு நாட்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். 2020 நவம்பரில் அங்கே மனுப் போட்டார்கள். மூன்றரை வருடம் காத்திருந்தார்கள். சங்கத்தோடு சேர்ந்து நான்கு பெண்கள் தங்கள் பெயரிலும் வழக்குப் போட்டிருந்தார்கள். அதில் 1931-இல் பிறந்த ஓர் அம்மா, தீர்ப்பைக் கேட்காமலே இறந்துபோனார். யாருக்குக் காலம் இருந்தது, யாருக்கு இல்லை என்று இப்போது சொல்லுங்கள்.

2024 ஏப்ரல் 9. பதினேழு நீதிபதிகள். அதில் பதினாறு பேர், சுவிட்சர்லாந்து அரசாங்கம் மனித உரிமையை மீறிவிட்டது என்று சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். எனக்கு இதுதான் பெரிது. உள்ளூர் நீதிமன்றங்கள் இந்தப் பெண்கள் சொன்னதைச் சரியாகக் காதுகொடுத்துக் கேட்கவில்லை, அதுவும் உரிமை மீறல்தான் என்றார்கள். இதில் பதினாறுக்கு ஒன்று என்கிற பேச்சே இல்லை. பதினேழு பேரும் ஒரே குரல். ஒரு கிழவி சொல்வதைக் கேட்காமல் விடுவது உரிமை மீறல்! நம் வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. தனித்தனியாக வந்த அந்தப் பெண்களின் மனுவை நீதிமன்றம் ஏற்கவில்லை. சங்கமாக வந்ததைத்தான் ஏற்றது. இது நம் மகளிர் குழுப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தனியாகப் போனால் பேங்க்கில் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பன்னிரண்டு பேராகப் போனால் நாற்காலி வரும். ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் அதே கதைதான்.

தம்பி, இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். அதே நாள், அதே நீதிமன்றம், அதே பதினேழு நீதிபதிகள். போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் போட்ட வழக்கிலும் அன்றைக்குத்தான் தீர்ப்பு. 2017-இல் அவர்கள் நாட்டில் பற்றிய காட்டுத்தீயில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் வெந்து செத்ததைப் பார்த்து வெகுண்டெழுந்த பிள்ளைகள். நியாயமான கோபம். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் மேல் ஒரே மனு! என்ன ஆனது? தள்ளுபடி. ஏன்? நீங்கள் முதலில் உங்கள் சொந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும், அதை விட்டுவிட்டு நேரே இங்கே வந்துவிட்டீர்கள் என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. இளம் கால்கள் நாலு படியை ஒரே தாவாகத் தாவின. மூட்டு வலிக்கிற கால்கள் ஒவ்வொரு படியாக ஏறின. யார் மேலே போய்ச் சேர்ந்தார்கள் தம்பி? மூச்சு வாங்கும்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று, அடுத்த படியில் காலை வைத்தார்கள்.

தோற்றுப்போன அந்தப் பிள்ளைகளும் பாட்டிகளின் வெற்றியைக் கொண்டாடினார்கள். நீங்கள் சொன்ன கிரெட்டாவும் அன்று அங்கே வந்து நின்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அதே சுவிட்சர்லாந்துப் பார்லிமென்ட் அந்தத் தீர்ப்பை மதிக்கவில்லையே" என்று எதிரணி அக்கா கேட்டார். உண்மைதான். 2024 ஜூனில் இரண்டு அவையும் கூடி, நாங்கள் செய்தது போதும், இதற்குமேல் செய்ய மாட்டோம் என்று தீர்மானம் போட்டன. எனக்கும் அது வருத்தம்தான். ஆனால் தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று கண்காணிக்க ஐரோப்பிய கவுன்சிலில் அமைச்சர்கள் குழு இருக்கிறது. பாட்டிகள் சங்கம் அங்கேயும் போய் நிற்கிறது. ஐந்தாவது படி.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்பீர்கள். நம் நாட்டுக்கு வருகிறேன். இமயமலையில் ரேணி என்று ஒரு கிராமம். 1974 மார்ச் 26. நிலத்துக்கு நஷ்டஈடு தருகிறோம் என்று சொல்லி ஊர் ஆண்களை எல்லாம் வெளியூருக்கு வரவழைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மரம் வெட்ட ஆள் வந்தது. ஒரு சிறு பெண் பார்த்துவிட்டு ஓடிப்போய் கௌரா தேவியிடம் சொன்னாள். அவர் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஊர் மகளிர் மன்றத்துக்குத் தலைவி. பெண்களும் சிறுமிகளுமாக 27 பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார். கோடாரிக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றார்கள். விடிய விடியக் காவல். அப்போது கௌரா தேவி காட்டை என்ன சொல்லி அழைத்தார் தெரியுமா? பிறந்த வீடு. "இந்தக் காடு எங்கள் பிறந்த வீடு." வனம் என்றோ, இயற்கை வளம் என்றோ அவர் சொல்லவில்லை. பிறந்த வீட்டுக்கு ஒன்று என்றால் பெண் எப்படி ஓடுவாள் என்று இங்கே இருக்கிற எந்தப் பெண்ணையும் கேளுங்கள்.

நம் நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகள் வந்து வயலும் கிணறும் உப்பாகிப் போனபோது எதிர்த்து நின்ற கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவும் அப்போது அறுபதுகளின் கடைசியில் இருந்தவர்தான். 1996-இல் உச்ச நீதிமன்றமே கடற்கரை ஓரத்து இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

முதல் மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, ஒரே ஒரு நிமிடம். என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எங்கள் வீடு அப்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியாது. அப்பத்தா பழைய சேலையை நனைத்து ஜன்னலில் கட்டிவிடும், தரையில் தண்ணீர் தெளித்துப் பிள்ளைகளைப் படுக்க வைக்கும். அதுவோ நூறு நாள் வேலைக்குப் போய்விடும். கண்மாய்க் கரையில் மண் அள்ளுகிற வேலை, மரக்கன்று வைக்கிற வேலை. "கிழவிங்க உட்கார்ந்து எழுந்துட்டு வருதுங்க, அதுக்குச் சம்பளம் வேற" என்று ஊரில் இளவட்டங்கள் பேசுவதை அதுவும் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டுச் சிரிக்கும். இங்கே சிரித்தார்களே, அதே மாதிரி.

ஒருநாள் அங்கேயே மயங்கி விழுந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போய் குளுக்கோஸ் ஏற்றினார்கள். காலையில் இருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை என்றது. ஏன் என்று டாக்டரம்மா திட்டினார். அப்பத்தா பதில் சொல்லவில்லை. டாக்டர் போன பிறகு என் காதில் சொன்னது: "தண்ணி குடிச்சா ஒதுங்கணும்ல. அந்தக் கரையில எங்கடி போறது?" வேலைக்குப் போன பெண்கள் எல்லோருமே அப்படித்தான் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொன்ன அந்த நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது.

அந்த வருடம் வைத்த கன்றுகளுக்கு நாலு மாதம் தண்ணீர் ஊற்றக் கூலி கொடுத்தார்கள். அப்புறம் கூலி நின்றுவிட்டது. மற்ற கன்றுகள் காய்ந்தன. அப்பத்தா மட்டும் சாயங்காலம் ஆனால் பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடும். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த உடம்பு. குடத்தின் வாய்க்கு வேப்பங்கொழுந்து போட்டிருக்கும், தண்ணீர் சிந்தாமல் இருக்க. நான் கோபத்தில் கத்தினேன். "கூலிதான் நின்னு போச்சே அப்பத்தா, இன்னும் எதுக்குத் தூக்கிச் சுமக்கிற?"

நடந்துகொண்டே சொன்னது: "கூலி நின்னது அதுக்குத் தெரியுமாடி?"

அப்பத்தா போய் ஆறு வருடம் ஆகிறது. அது தண்ணீர் ஊற்றியதில் மூன்று பிழைத்தன. இரண்டு வேம்பு, ஒரு புங்கன். தம்பி, சாயங்காலம் நீங்கள் ஐந்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் விழாக்குழு ஆட்கள் வண்டி கொண்டுவருகிற வரைக்கும் நின்றீர்களே, கண்மாய் முக்கில், நிழலில்.

அந்தப் புங்கன்தான்.