அனுப்பிக்கிட்டே இருந்த ராஜா

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு காலமான லெந்து நாட்கள் வந்தா பைபிள்ல சங்கீதம் 51 வாசிப்போம், தாவீது ராஜா பத்சேபாள் விஷயத்துல விழுந்து அவ புருஷன் உரியாவையும் சாகடிச்ச பிறகு அழுது பாடினது. 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தை வீட்ல மெதுவா படிச்சுப் பாருங்க, அனுப்பினான் அனுப்பினான்னு வந்துக்கிட்டே இருக்கும். தாவீது தன் படைத்தலைவன் யோவாபை யுத்தத்துக்கு அனுப்புறார், அந்தப் பொண்ணு யாருன்னு விசாரிக்க ஆள் அனுப்புறார், கடைசியில உரியாவோட சாவுக்கான கடிதத்தை உரியா கையிலயே கொடுத்து அனுப்புறார். எதிரிங்களான பெலிஸ்தர் சண்டைக்கு வந்தப்போ ரெண்டு தடவையும் 'போகலாமா ஆண்டவரே'ன்னு கேட்டுட்டுப் போன மனுஷன், இங்க ஒரு வார்த்தை கேட்கல. 12ஆம் அதிகாரம் எப்படி ஆரம்பிக்குது? கர்த்தர் நாத்தானை அனுப்பினார், ராஜாவோட பாவத்தை முகத்துக்கு நேரா சொன்ன தீர்க்கதரிசி அவர்.

எனக்கும் ஒரு நாத்தான் வந்தாருங்க. பெரம்பூர் பக்கம் ஒரு சபையில பொருளாளரா இருந்தப்போ அறுப்பின் பண்டிகையில சபையார் காணிக்கையா கொண்டுவந்த காய்கறியெல்லாம் ஏலம் போட்ட பணம் 12,000 ரூபாயை பையன் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்துட்டேன், சம்பளம் வந்ததும் வெச்சிடலாம்னு. மூணு மாசம் ஓடிடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு பாய் சுருட்டிக்கிட்டே கோவில்பிள்ளை, அதான் கோவிலைப் பெருக்கிப் பார்த்துக்கிறவர், கேட்டார், 'அண்ணே, அந்தப் பூசணிக்காயை ஒரு பாட்டியம்மா 300 ரூபாய்க்கு எடுத்தாங்களே, நாலு வீட்ல பாத்திரம் தேய்ச்ச காசு, பேங்க்ல போட்டாச்சுல்ல?' வேற ஒண்ணும் கேட்கல. நாத்தான் தாவீதுகிட்ட சொன்ன கதையில ஒரு பணக்காரன் பிடுங்கிக்கிட்ட ஏழையோட ஒரே ஆட்டுக்குட்டி ஞாபகம் வந்துச்சு, எனக்கு வாய் வரல.

சாயங்காலமே ஆயர் ஐயாகிட்ட ஒத்துக்கிட்டேன். ஆனா கூடவே என்ன சொன்னேன் தெரியுமா, 'கமிட்டிக்கு மட்டும் தெரிய வேணாம் ஐயா'. தாவீதுக்கு முன்னாடி ராஜாவா இருந்த சவுலும் இதைத்தான் சொன்னார், பாவம் செஞ்சேன், ஆனா மூப்பர்கள் முன்னாடி என்னைக் கனம்பண்ணும்னு. தாவீதும் பாவம் செஞ்சேன்னுதான் சொன்னார், அதோட நிறுத்திட்டார். கவனிங்க, அதோட நிறுத்திட்டார். வழி காட்டும் ஆண்டவரேன்னு அந்த மூணு மாசமும் நான் ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். வழி அந்தப் பூசணிக்காய் கேள்வியிலயே வந்தாச்சு, அதுல நடக்கத்தான் மனசு குனியல. ரெண்டு வாரம் கழிச்சு கமிட்டி முன்னாடி நின்னு சொன்னேன், பொருளாளர் பொறுப்பை என்கிட்டயிருந்து எடுத்துட்டாங்க, பணத்தைத் தவணையில கட்டினேன். இப்போ ஆராதனை முடிஞ்சா கோவில்பிள்ளையோட சேர்ந்து நானும் பாய் சுருட்டுறேன்.

இயேசுவோட சீஷன் பேதுருவைப் பத்தி நிறைய பேசணும்னு வந்தேன், நேரம் முடியுதுன்னு கை காட்டுறாங்க. இது மட்டும் சொல்லிடறேன், அவர் இயேசுவைத் தெரியாதுன்னு மறுதலிச்சது ஒரு கரிநெருப்புப் பக்கத்துல, 'என்னை நேசிக்கிறாயா'ன்னு இயேசு மூணு தடவை கேட்டதும் கரிநெருப்பு போட்டிருந்த கரையிலதான். யோவான் 18, 21 ரெண்டையும் இன்னைக்கு ராத்திரி சேர்த்து வாசிங்க. வணக்கம்.