சிக் வெப்: க்ரூபாவே தலைவணங்கிய டிரம்மர்

நண்பர்களே, வணக்கம். ஸ்விங் என்பது 1930களில் கொடிகட்டிப் பறந்த, ஆட வைக்கும் ஜாஸ் பாணி. அந்த ஸ்விங் காலத்து டிரம்மர் என்றதும் ஜாஸ் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஜீன் க்ரூபாவின் பெயரைத்தான் சொல்வார்கள். அதில் தப்பில்லை, அவர் பெரிய கலைஞர். ஆனால் அந்த க்ரூபாவே தலைவணங்கிய ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

சிக் வெப். பால்டிமோரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே முதுகெலும்பில் காசநோய் வந்து, கூன் விழுந்து, உடல் வளர்ச்சியும் நின்றுபோனது. கை கால்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று டாக்டர் ஒருவர் சொல்லித்தான் டிரம்ஸ் பக்கம் வந்தார் என்பார்கள். பேப்பர் விற்ற காசில் டிரம்ஸ் வாங்கினார். வாழ்நாள் முழுக்க வலி இருந்தது, ஆனால் அவருடைய வாசிப்பில் அது தெரியாது. இசைக்குறிப்பு படிக்க வராது என்பதால் தான் நடத்திய இசைக்குழுவின் ஒவ்வொரு பகுதியையும் மனதிலேயே வைத்திருந்தார், யார் எங்கே பிசகினாலும் அந்த இடத்தை வாயாலேயே பாடிக் காட்டுவார்.

1930களில் நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த சவாய் நடன அரங்கம்தான் அவர் கோட்டை. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே தளத்தில் சேர்ந்து ஆடியது அந்தக் காலத்தில் எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே தாளம் ஒரு நொடி தளர்ந்தாலும் ஆடுகிறவர்களின் கால் காட்டிக் கொடுத்துவிடும், வெப்பின் தாளம் அப்படி உறுதிப்பட்டது அந்தத் தளத்தில்தான் என்று நான் நம்புகிறேன்.

1937 மே 11. 'ஸ்விங்கின் மன்னர்' என்று பத்திரிகைகள் கொண்டாடிய பென்னி குட்மேன் வெப்பின் குழுவோடு போட்டிபோடத் தன் குழுவோடு சவாய்க்கு வந்தார், டிரம்ஸில் க்ரூபா. அரங்கத்துக்குள் சுமார் 4,000 பேர், உள்ளே நுழைய முடியாமல் தெருவில் இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள். குழுக்கள் மாறி மாறி வாசித்தன, ஜெயித்தது வெப் என்று கூட்டமே முடிவு செய்துவிட்டது. க்ரூபா வெப்புக்குத் தலை குனிந்து மரியாதை செய்தார், அதை மறைக்கவும் இல்லை, பிற்காலத்தில் தானே வெளிப்படையாகச் சொன்னார். தோற்றவர் இப்படிப் பேசுவது பெரிய மனசு இல்லையா!

அப்புறம் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். யாரென்றே தெரியாத அந்த இளம்பெண்ணை 1935இல் வெப் முதலில் தயங்கித்தான் குழுவில் சேர்த்தார், ஆனால் சேர்த்த பிறகு அவருடைய குரலை நடுவில் வைத்தே குழுவை வளர்த்தார். 1938இல் அவர்களுடைய 'எ டிஸ்கெட், எ டாஸ்கெட்' பாடல் நாடு முழுக்க ஒலித்தது. அடுத்த வருடமே, 1939 ஜூன் 16 அன்று, பிறந்த ஊரிலேயே வெப் இறந்தார். குழு கலையவில்லை, எல்லாவின் பெயரிலேயே இன்னும் சில வருடங்கள் ஓடியது.

டிரம்மர் பின்வரிசையில் உட்கார்ந்து தாளம் மட்டும் போடுகிறவர் இல்லை, அங்கிருந்தே ஒரு குழு முழுவதையும் நடத்த முடியும் என்று செய்து காட்டினார், அதுதான் அவர் விட்டுப்போன பெரிய சொத்து. பின்னால் வந்த பட்டி ரிச் (Buddy Rich) போன்ற டிரம்மர்களும் அவரை வியந்தே பேசினார்கள்.

அவருடைய பதிவுகள் குறைவு, அன்றைய ஒலிப்பதிவில் டிரம்ஸின் முழு வீச்சும் பிடிபடவும் இல்லை. இருந்தாலும் 1937இல் பதிவான 'ஹார்லெம் காங்கோ' இருக்கிறது. இப்போது அதைப் போடப் போகிறேன், டிரம்ஸ் தனியாக முன்னால் வருகிற இடங்களில் மட்டுமல்ல, டிரம்பெட்டுகள் முழங்கும்போது அடியில் அவர் என்ன செய்கிறார் என்பதையும் கவனித்துக் கேளுங்கள்.