‘ரொக்கோ உண்டா?’ என்று கேட்டால் மட்டும் போதுமா

(சுங்கை சிப்புட்டில் ஓர் ஆலய மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்திருக்கிற டத்தோ அவர்களே, டத்தின் அவர்களே, மாதர் பிரிவுத் தலைவி அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கிற தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பத்து நிமிஷம் என்றார்கள், மாலை போட்டதிலேயே பாதி போய்விட்டது, பரவாயில்லை, டத்தோவுக்குப் போடாத மாலையை வேறு யாருக்குப் போடப் போகிறோம்.

நுரையீரல் புற்றுநோயைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: ரொக்கோ என்கிற சிகரெட், செய்த வேலை, வீட்டு விறகடுப்பு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன் நான். அந்தக் காலத்திலிருந்தே என் வாயில் ஒரு பழமொழி: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எங்கள் தோட்டத்தில் பாயிலர் அண்ணன் என்று ஒருவர் இருந்தார். தோட்டம் துண்டாடப்பட்டதும் டவுனுக்குப் போய், கூரைத் தகடு அறுக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அஸ்பெஸ்டாஸ் தகடு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும், பிள்ளைகள் “அப்பா தாத்தாவாயிட்டாரு” என்று சிரிக்கும், அவர் மனைவி, எங்கள் அக்காதான் அந்தச் சட்டையை உதறித் துவைப்பார். அதெல்லாம் முடிந்து பல வருஷம் கழித்து இருமல் வந்தது, சளியில் ரத்தம். கிளினிக்குக் கூட்டிப் போனேன். சின்ன வயசு டாக்டர், மரியாதையான பையன், “அங்கிள், ஹிசாப் ரொக்கோக்?” என்று மலாயில் கேட்டார், சிகரெட் பிடிப்பீர்களா என்று அர்த்தம். அண்ணன் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு “அஞ்சு குச்சி” என்றார். அக்கா விடுவாரா? “அஞ்சா! கக்கூஸுக்குப் போறதுக்கு முன்னாடியே அஞ்சு!” டாக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் புரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், முப்பது வருஷம். இதை டாக்டர்கள் முப்பது பாக்கெட்-வருஷம் என்று கணக்கு வைப்பார்கள். எழுதினார், கார்டை மூடினார். கூரைத் தகட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சரி, பின்னால் நிற்கிற தம்பிகள் உடனே சந்தோஷப்பட வேண்டாம். சிகரெட்தான் முதல் குற்றவாளி, அதில் சந்தேகமே இல்லை. பிரிட்டனில் டோல், ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1950-லேயே இதை எழுதிவிட்டார்கள். அப்புறம் அங்குள்ள டாக்டர்களையே ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவை டோலும் வேறு சிலரும் 2004-இல் சொன்னார்கள்: புகைத்துக்கொண்டே இருப்பவருக்கு ஆயுளில் சுமார் 10 வருஷம் போகும், 30 வயதில் விட்டால் அது கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பும், 60-இல் விட்டாலும் 3 வருஷம் மிச்சம்.

ஆனால் பாவம் இரண்டு பக்கமும் இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் அஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர்களைப் பற்றி 1979-இல் வந்த ஆய்வு இது. இரண்டும் இல்லாதவருக்கு ஆபத்து 1 என்றால், தூசி மட்டும் பட்டவருக்கு 5, சிகரெட் மட்டும் பிடித்தவருக்கு சுமார் 11, இரண்டும் உள்ளவருக்கு 50-க்கும் மேல். ஐந்தும் பதினொன்றும் கூடிப் பதினாறு ஆகவில்லை, கவனியுங்கள், பெருகியிருக்கிறது. தூசி பட்டவன் சிகரெட்டை விடுவது மற்றவர்கள் விடுவதைவிட அவசரம். நோய் வெளியே வர இருபது, முப்பது வருஷம் பிடிக்கும், அதற்குள் அந்தத் தொழிற்சாலையே இருக்காது.

அஸ்பெஸ்டாஸ் மட்டுமல்ல. கல்லுடைக்கிற சிலிக்கா தூசி, வெல்டிங் புகை, லோரி டீசல் புகை எல்லாம் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிற, புற்றுநோய் தருவது உறுதி என்கிற முதல் பட்டியலில் இருக்கின்றன. டீசல் புகை 2012-இல் சேர்ந்தது. ஆர்செனிக்கும் அதே பட்டியலில்தான். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்து லாலான் புல்லுக்கு அடித்த சோடியம் ஆர்சினைட் வேறென்ன? மருந்து அடித்தவர்களிடம் யார் கேட்டார்கள்?

அதனால்தான் டத்தோ அவர்கள் முன்னிலையில் இதைக் கேட்கிறேன். ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட் கொடுத்துப் பார்க்கிற நம் அரசாங்கக் கிளினிக்கில், கார்டின் முதல் பக்கத்திலேயே ‘என்னென்ன வேலை, எங்கே, எத்தனை வருஷம்’ என்று எழுதுகிற இடம் வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் தொழில் நோய்க்கும் இழப்பீடு உண்டு, ஆனால் வேலையால் வந்தது என்று காட்ட வேண்டுமே! சிகரெட் என்று மட்டும் எழுதிய கார்டை வைத்துக்கொண்டு விதவை எந்தக் கவுண்டரில் போய் நிற்பாள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். டத்தோ இதை மேலிடத்தில் பேசுவதாக மேடைக்கு வரும்போது சொன்னார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மைக்கிலும் சொன்னால் நன்றாக இருக்கும்.

விறகடுப்பை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம், மாதர் பிரிவுத் தலைவி மன்னிக்க வேண்டும்.

வாசல் மேஜையில் மனுவும் ஒரு தாளும் இருக்கின்றன. மனுவில் கையெழுத்து, தாளில் நீங்கள் செய்த வேலைகள். ஈபிஎஃப் சேமநிதியின் பழைய கணக்கு, சம்பளச் சீட்டு இருந்தால் அதோடு கட்டி வையுங்கள். வருஷம் நினைவில்லை என்றால் ‘மூத்த மகள் பிறந்தபோது’ என்று எழுதினால் போதும், கணக்கை நான் போட்டுக்கொள்கிறேன். சிகரெட்டை விட நினைக்கிறவர்களுக்குக் கிளினிக்கிலேயே தனிப் பிரிவு இருக்கிறது, பெயர் கொடுத்தால் திங்கட்கிழமை நானே கூட்டிப் போகிறேன். டத்தோ கிளம்ப வேண்டுமாம், வடையும் தேத்தண்ணியும் தயார்.