ஒரு மரக்கட்டையும் ஒரு பிடி சாம்பலும்

நேயர்களுக்கு வணக்கம். தெலுக் ஆயர் சாலையில் தியான் ஹாக் கெங் கோயிலைத் தாண்டிப் போகாத சிங்கப்பூர்க்காரர் குறைவு. உள்ளே இருப்பவள் மாட்சு, கடல் தெய்வம். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவள் எந்த ஊர்க்காரி? அவளுக்கு முதலில் கோயில் கட்டியது யார்? பல வருடமாக நான் இதைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் பூத்தியான் கரைக்கு எதிரே மெய்ஜோ என்று ஒரு தீவு. அங்கே லின் குடும்பத்தில் 960ல் ஒரு பெண் பிறந்தாள், கல்யாணம் ஆகாமலே 987ல் மறைந்தாள் என்பது வழிவழியாக வரும் கதை. பிற்காலக் கதைகளில் அவள் அதிகாரியின் மகள், குலம் உயர்ந்தது என்றெல்லாம் சேர்ந்துகொண்டது. ஆனால் 1150ல் எழுதப்பட்ட பழைய கோயில் குறிப்பு சொல்வது வேறு. அவள் சாமியாடி, ஊராருக்கு வரப்போகும் நல்லது கெட்டதை முன்கூட்டிச் சொன்னவள். நம் வழக்கில் சொன்னால், குறி சொல்லும் பெண். எனக்கு அந்தப் பெண்ணைத்தான் பிடிக்கிறது.

அந்தக் குறிப்பு மெய்ஜோ கோயிலைப் பற்றியதுகூட இல்லை. எதிர்க்கரையில் ஷெங்துன் என்ற ஒரு மேட்டில் இருந்த ஊர்க் கோயிலைப் பற்றியது. கதையைக் கேளுங்கள். 1086ஆம் ஆண்டு. மேட்டில் ராத்திரி நேரத்தில் ஏதோ வெளிச்சம் தெரிகிறது. என்னவென்று யாருக்கும் புரியவில்லை. ஒரு மீனவர் கிட்டே போய்ப் பார்க்கிறார். கடலில் மிதந்து வந்து ஒதுங்கிய காய்ந்த மரக்கட்டை. எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் பார்த்தால் கட்டை வீட்டில் இல்லை, பழையபடி மேட்டிலேயே கிடக்கிறது! அன்று ராத்திரி மேட்டைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் ஒரே கனவு. ‘நான் மெய்ஜோ தேவி. அந்தக் கட்டையில்தான் இருக்கிறேன். எனக்கு இங்கேயே இடம் கொடுங்கள்.’ ஊரே சேர்ந்து கோயில் கட்டியது.

கவனியுங்கள், ஊரே சேர்ந்து. அரசன் ஆணை இல்லை, குருமார் இல்லை. இன்றைக்கும் தைவானிலும் ஃபூஜியானிலும் பல ஊர்க் கோயில்கள் இப்படித்தான் நடக்கின்றன. திருவிழாச் செலவுக்கு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி. அந்த வருடத்துத் தூபக் கலசத்துக்கு யார் பொறுப்பு என்பதைச் சாமியிடமே கேட்பார்கள். பிறை வடிவில் இரண்டு மரத்துண்டுகள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. சாமி முன்னால் தரையில் போட வேண்டும். ஒன்று மல்லாந்தும் ஒன்று குப்புறவும் விழுந்தால் சம்மதம். யாருக்கு அதிகமாகச் சம்மதம் விழுகிறதோ அவருக்கே பொறுப்பு. பூக்கட்டிப் பார்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

சரி, மரக்கட்டைக் கோயில் எப்படிப் பெரிதானது? 1123ல் கொரியாவுக்குப் போன அரசத் தூதர் புயலில் சிக்கினார். எட்டுக் கப்பலில் ஏழு கவிழ்ந்தன. தூதர் இருந்த கப்பலின் பாய்மரத்தில் ஒரு பெண் தெய்வம் சுழன்று ஆடியதாகவும் அது மட்டும் தப்பியதாகவும் அதே குறிப்பு சொல்கிறது. அரசர் கோயிலுக்குப் பெயர்ப் பலகை கொடுத்தார். அப்புறம் பட்டங்கள் வரிசையாக வந்தன. 1281ல் விண்ணுலகத் துணைவி, 1684ல் விண்ணுலக அரசி.

பட்டம் அரண்மனையிலிருந்து வந்தது. கோயிலோ சாம்பலில் பரவியது. வேறு ஊருக்குக் குடிபோகிறவர்கள் தாய்க் கோயிலின் தூபக் கலசத்திலிருந்து சாம்பல் எடுத்துப் போய், புதுக் கலசத்தில் போட்டுக் கோயில் தொடங்குவார்கள். நாம் குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வருவதைப் போலத்தான். அதோடு உறவு விட்டுப் போகாது. புதுக் கோயில் சாமி வருடா வருடம் தாய்க் கோயிலுக்கு வந்து, சாம்பலைப் புதுப்பித்துக்கொண்டு திரும்பும். மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியில் மெய்ஜோ கோயிலை இடித்தார்கள். அந்தக் காலம் போனதும் தீவுப் பெண்கள் முன்னின்று திரும்பக் கட்டினார்கள். அதற்குள் அவளுடைய சாம்பல் எத்தனையோ கரைகளில் புகைந்துகொண்டிருந்தது.

நேரம் முடியப் போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். தெலுக் ஆயரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிக்கொள்கிறேன். மாட்சுவின் சிலை 1840ல் சீனாவிலிருந்து வந்தது, கோயில் 1842ல் முடிந்தது. அப்போது கோயில் வாசலுக்கு எதிரே கடல். ஃபூஜியானிலிருந்து வந்து கரை இறங்கிய ஹொக்கியன் மக்கள் முதலில் அவளுக்குத்தான் ஊதுபத்தி ஏற்றினார்கள். அதே சாலையில் சில அடி தள்ளி, நம் தமிழ் முஸ்லிம்கள் 1830 வாக்கில் கட்டிய நாகூர் தர்கா. மூழ்கவிருந்த கப்பலின் ஓட்டையை, முகம் மழித்துக்கொண்டிருந்த நாகூர் ஆண்டகை கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்த கதை உங்களுக்குத் தெரியும். மாட்சுவும் அப்படித்தான். தறியில் உட்கார்ந்தபடியே கண்மூடி, நடுக்கடலில் தவித்த தகப்பனையும் அண்ணன்மாரையும் காப்பாற்றப் போனாளாம். தாய் தட்டி எழுப்பியதில் ஒரு அண்ணன் மட்டும் திரும்பவில்லை. அந்தச் சாலைப் பக்கம் போனால் இரண்டு வாசலிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். வணக்கம்.