வந்தவர் கணக்கா, மொத்தக் கணக்கா?

அவையோருக்கு வணக்கம்.

அரசமைப்பு அரசின் அதிகாரத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று கேட்டால் அடிப்படை உரிமைகள், அதிகாரப் பிரிவினை, நீதிமன்றம் என்று சொல்வோம். மூன்றும் சரி. ஆனால் நெருக்கடி நிலை அறிவிக்கப்படும் அன்றுதான் அந்தக் கட்டு எவ்வளவு தாங்கும் என்பது தெரியும். அன்று நம்மைக் காப்பவை நாட்கணக்கும் தலைக்கணக்கும்.

இந்தியாவில் 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனம் கையெழுத்தானது. அமைச்சரவை கூடியதோ மறுநாள் காலையில். 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணமே போதுமாக இருந்தது. ஒப்புதல் தர நாடாளுமன்றத்துக்கு இரண்டு மாத அவகாசம். வந்து வாக்களிப்போரில் பாதிக்கு மேல் கை தூக்கினால் முடிந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலரோ சிறையில். யோசித்துப் பாருங்கள்: வந்தவர்களை மட்டும் எண்ணும் விதி இருந்தால், எதிர்ப்பவரைச் சிறையில் அடைக்க அடைக்க அரசுக்குத் தேவையான வாக்கும் குறைந்துகொண்டே போகும்.

1978-இல் வந்த 44-வது திருத்தம் இந்த ஓட்டையைத்தான் அடைத்தது. காரணம் 'ஆயுதக் கிளர்ச்சி' என்று சுருங்கியது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும். ஒரே மாதத்துக்குள் இரு அவைகளும் ஒப்ப வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டும் சேர்ந்தே வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை மறுபடியும் அதே வாக்கெடுப்பு. பிரகடனத்தை நீக்கவோ மக்களவையில் சாதாரணப் பெரும்பான்மை போதும்; பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் எழுதிக் கேட்டால் 14 நாளுக்குள் அவை கூடியாக வேண்டும். ஏற்றுவது கடினம், இறக்குவது எளிது. இந்தச் சமனின்மையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

கணக்கைத் திரிக்கவும் முடியும். 1933 மார்ச்சில் ஜெர்மனியில், சட்டமியற்றும் அதிகாரத்தையே ஹிட்லரின் அமைச்சரவைக்குக் கொடுக்கும் சட்டத்துக்கு உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் அவையில் இருக்க வேண்டியிருந்தது. காரணமின்றி வராதவரையும் வந்தவராகக் கருதலாம் என்று அவை விதியை மாற்றினார்கள். கம்யூனிஸ்டு உறுப்பினர் ஒருவர்கூட உள்ளே இல்லை. 94 பேர் எதிர்த்து வாக்களித்தும் சட்டம் நிறைவேறியது.

மொத்தக் கணக்கிலும் ஓர் ஆபத்து உண்டு. தென் கொரியாவில் ராணுவச் சட்டத்தை நீக்கச் சொல்ல 300 பேரில் 151 பேர் வேண்டும். 2024 டிசம்பர் 3 இரவு படைகள் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தன. உறுப்பினர்கள் சிலர் சுவரேறிக் குதித்தார்கள். 190 பேர் உள்ளே சேர்ந்து, அத்தனை பேரும் நீக்கச் சொல்லி வாக்களித்தார்கள். 40 பேர் வெளியே தடுக்கப்பட்டிருந்தால்? அவை வாய் திறக்காதவரை ராணுவச் சட்டம் நீடித்திருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்பில் அது தலைகீழ். 37-வது பிரிவின்படி அவை வாக்களிக்காவிட்டால் நெருக்கடி நிலை 21 நாளில் தானாகவே செத்துவிடும். முதல் நீட்டிப்புக்கு உறுப்பினரில் பாதிக்கு மேல் வேண்டும், அடுத்தடுத்த நீட்டிப்புக்கு 60 சதவீதம். எந்த நீட்டிப்பும் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. அங்கே அவையின் கதவைப் பூட்டினால் நட்டம் அரசுக்குத்தான்.